வெடிமருந்து ஊறிய மண்: புழுக்களிடம் கேட்க வேண்டிய கேள்வி

(மீஞ்சூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்ததும் சிலர் புருவத்தை உயர்த்தியிருப்பீர்கள். வெடிமருந்து என்றால் நினைவுக்கு வருவது சிவகாசி. தொழில் விவரம் தெரிந்தவர்கள் நீலகிரி அருவங்காட்டில் 1903 முதல் இருக்கும் கார்டைட் ஆலையைச் சொல்வார்கள், காட்பாடியைச் சொல்வார்கள். மீஞ்சூருக்கும் வெடிமருந்துக்கும் என்ன சம்பந்தம்?

2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் நம் பக்கத்து ஊரான மணலியின் பெயர் செய்தித்தாள்களில் வந்தது. அங்கே ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் 37 கன்டெய்னர்களில் 697 டன் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. 2015இல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சரக்கு. ஐந்து வருஷம் அது அங்கேயே கிடந்தது என்பது பெய்ரூட் வெடித்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. பிறகு ஹைதராபாத்துக்கு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்று, பழைய இரும்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்கிராப்பை உருக்கும் உலைகள் பல உண்டு. 2004 செப்டம்பர் 30 அன்று காஜியாபாத்தை அடுத்த சாகிபாபாத்தில் ஒரு உருக்காலையில், வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்கிராப்புக்குள் கிடந்த பீரங்கிக் குண்டு வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் போர் நடந்த நாடுகளிலிருந்து வரும் ஸ்கிராப்புக்கு இறக்குமதி விதிகள் இறுகின. உலை உள்ள ஊர்களில் இருக்கிறவர்களுக்கு அந்தச் செய்தி வெறும் வடநாட்டுச் செய்தி இல்லை.

இந்த இரண்டு சம்பவத்திலும் ஊர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வெடிக்குமா? உயிருக்குப் பயந்தவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான். அதற்கு அடுத்த கேள்வியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். வெடிக்காமல் சிந்தியது, பாதி வெடித்துச் சிதறியது, கழுவிவிட்ட தண்ணீரோடு ஓடியது, இவையெல்லாம் மண்ணுக்குள் போய்ப் பல வருஷம் கிடந்தால் என்ன ஆகும்? அந்த மண்ணில் வாழும் உயிர்களுக்கு என்ன ஆகும்?

இது வெடிமருந்தோடு முடிகிற கேள்வியும் அல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில் மூடிய ஆலை மனையாக மாறுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நாலு லோடு சவுடு மண் அடித்து மேடாக்கி, கல் நட்டுவிடுவார்கள். யாராவது சந்தேகம் கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "கம்பெனி மூடி இருபது வருஷம் ஆச்சுங்க. எத்தனை மழை பெய்ஞ்சிருக்கு. இனிமே அதுல என்ன இருக்கப் போவுது?" காலம் போனால் நஞ்சும் போய்விடும் என்கிற இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் ஆபத்து. இதை மிகத் தெளிவாகக் காட்டிய பொருள் வெடிமருந்து என்பதால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன்.

முதலில் உண்மையான பாதி. மண்ணில் ஒரு வேதிப்பொருள் விழுந்த அன்றைக்கு அது மண்துகளின் மேற்பரப்பில்தான் இருக்கிறது. தண்ணீர் பட்டால் கரைகிறது. புழுவின் தோலில் ஒட்டுகிறது. பாக்டீரியா அதை எட்டிப் பிடிக்கிறது. மாதங்கள் போகப் போக அது மக்குக்குள்ளும் மண்துகளின் நுண்துளைகளுக்குள்ளும் இறங்குகிறது. வேரும் வாயும் நுழையமுடியாத இடத்தில் போய் உட்காருகிறது. மாங்காய் ஊறுகாய் போட்ட பழைய ஜாடியை நினைத்துப் பாருங்கள். தேய்த்துக் கழுவினால் தண்ணீர் தெளிவாகத்தான் வரும். உப்பும் எண்ணெயும் ஜாடியின் உடம்புக்குள் இறங்கியிருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் அலெக்சாண்டர் என்ற மண் நுண்ணுயிரியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். பினாந்திரீன் போன்ற தாரெண்ணெய்ச் சேர்மங்களை மண்ணில் கலந்து, நாள் கடத்தி, பாக்டீரியாவிடம் கொடுத்துப் பார்த்தார். மண் பழசாகப் பழசாக பாக்டீரியாவால் அதைத் தின்னமுடிந்த அளவு குறைந்தது. 2000ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரை துறையில் எல்லோரும் படித்தது. கடுமையான கரைப்பான் ஊற்றிப் பிழிந்தெடுத்து அளந்தால் பழைய மண்ணின் ஆபத்தை மிகைப்படுத்திவிடுவோம், உயிர்களுக்கு உண்மையில் எட்டுகிற பங்கு அதைவிடக் குறைவு என்பது அவர் வாதம்.

வலுவான வாதம். மண்ணைச் சுத்தப்படுத்தும் செலவை ஏற்கவேண்டிய ஆலைகளுக்கு இனிப்பான வாதமும்கூட. அலெக்சாண்டர் அந்த நோக்கத்தில் எழுதவில்லை. ஆனால் அறிவியல் முடிவு ஒன்று எந்தப் பொருளைப் பற்றிச் சொன்னது என்பதை மறந்துவிட்டு எல்லாப் பொருளுக்கும் இழுத்துப் போர்த்தினால் தவறு நேரும். தாரெண்ணெய்ச் சேர்மம் நுண்துளைக்குள் போய் உட்காரும்போது பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது. உட்காருகிற நேரத்தில் வேறொன்றாக மாறுகிற பொருளாக இருந்தால்?

டி.என்.டி. அப்படிப்பட்ட பொருள். அதன் முழுப்பெயர் ட்ரைநைட்ரோடொலுவீன். ஒரு பென்சீன் வளையம், அதில் ஒரு மீத்தைல் தொகுதி, மூன்று நைட்ரோ தொகுதிகள். ஒரு லிட்டர் தண்ணீரில் நூறு மில்லிகிராம் சொச்சம்தான் கரையும். முழுமையாக வெடித்தால் மண்ணில் ஏறக்குறைய எதையும் விட்டுவைக்காது. அரைகுறையாக வெடித்த குண்டுதான் கட்டிகட்டியாகச் சிதறுகிறது. ஒவ்வொரு மழையிலும் அந்தக் கட்டி கொஞ்சம் கரைந்து மண்ணுக்குள் இறங்கும். பிறகு பல வழிகள் திறக்கின்றன. வெயில் படும் மேற்பரப்பில் மீத்தைல் தொகுதி கழன்று ட்ரைநைட்ரோபென்சீன் உண்டாகிறது. மண்ணுக்குள் இருட்டில் நுண்ணுயிர்கள் ஒரு நைட்ரோ தொகுதியை அமினோ தொகுதியாக மாற்றுகின்றன. அது வளையத்தில் எந்த இடத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு அமினோ சேர்மங்கள் வரும். இவை மக்கோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்ளக்கூடியவை. அப்படிப் பிணைந்துவிட்டால் திரும்பப் பிரிப்பது மிகக் கடினம். இந்தப் பிணைப்பை வேண்டுமென்றே வேகப்படுத்தி, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் உமாட்டில்லா ராணுவக் கிடங்கில் டி.என்.டி. கலந்த மண்ணைச் சாணம், காய்கறிக் கழிவோடு சேர்த்துக் கம்போஸ்ட் ஆக்கிச் சுத்தப்படுத்தினார்கள். ஆகவே டி.என்.டி.யும் பழசானால் அடங்கும் என்று ஒருவர் சொன்னால் அதற்கும் ஆதாரம் இருக்கிறது.

இனி, டி.என்.டி. மண்ணில் பழசாகும்போது என்ன ஆகிறது என்று புழுக்களை வைத்துப் பார்த்த ஒரு சோதனைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

மேரிலாண்டில் எட்ஜ்வுட் என்ற இடத்தில் அமெரிக்க ராணுவத்தின் வேதியியல், உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே ரோமன் கூப்பர்மன், ரொனால்ட் செக்காய், மைக்கேல் சிமினி முதலியோர் 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் வரிசையாக ஆய்வு செய்தார்கள். கனடாவின் மாண்ட்ரியாலில் ஜெஃப்ரி சுனஹாரா, ஜலால் ஹவாரி ஆகியோரின் குழுவும் இதே துறையில் உழைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை, மண்வாழ் உயிர்களைக் காக்க ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஒரு வரம்பளவு வகுக்க விரும்பியது. அதற்கு நம்பகமான எண்கள் தேவைப்பட்டன.

அவர்கள் எடுத்த மண் சாசஃப்ராஸ் எனப்படும் மணற்பாங்கான இயற்கை மண். அதில் மக்கு சுமார் ஒரு சதவீதம்தான், களியும் குறைவு. வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தார்கள். மக்கும் களியும் நஞ்சைப் பிடித்து மறைத்துவிடக் கூடாது, உயிர்களுக்கு எட்டவேண்டும் என்பது எண்ணம். சோதனைக்கு எடுத்த உயிர்களில் ஒன்று எங்கிட்ரேயஸ் கிரிப்டிக்கஸ் என்ற வெண்புழு. மண்புழுவுக்குத் தூரத்து உறவு, ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய நீளம்தான். இந்தக் குடும்பத்துப் புழுக்களைப் பூந்தொட்டியைக் கிளறும்போது, மண்புழு உரத்தொட்டியின் ஓரத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பலர் இதை மண்புழுக் குஞ்சு என்று நினைத்துக்கொள்வார்கள். இலைமக்கை நொறுக்குவதிலும் மண்ணில் காற்றுவழிகள் உண்டாக்குவதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

இந்தப் புழுவுக்கான சர்வதேசச் சோதனை முறை எளிமையானது. இருபது கிராம் உலர்மண்ணுக்கு ஈரம் சேர்த்து, முட்டை தாங்கும் பத்துப் பெரிய புழுக்களை விடுவார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பெரிய புழுக்கள் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எண்ணி எடுத்துவிடுவார்கள். மண்ணில் இட்ட முட்டைகள் பொரிக்க இன்னும் சில நாள் விடுவார்கள். கடைசியில் ரோஸ் பெங்கால் என்ற சாயத்தை ஊற்றினால் குஞ்சுகள் சிவப்பேறிக் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எண்ணவேண்டும். சுத்தமான மண்ணில் நூற்றுக்கணக்கில் இருக்கும். பொறுமையைச் சோதிக்கிற வேலை. ஆனால் அந்த எண்ணிக்கைதான் உண்மையைச் சொல்லும். பெரிய புழு சாகாமல் நெளிந்துகொண்டிருக்கும், கீழே ஒரு குஞ்சுகூட இருக்காது. அப்படிப்பட்ட மண்ணை உயிருள்ள மண் என்று எப்படிச் சொல்வது? அடுத்த தலைமுறை இல்லாத மண் அது.

கூப்பர்மன் குழு டி.என்.டி. கலந்த மண்ணை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதியில் உடனே புழுக்களை விட்டார்கள். மறுபகுதியைக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே திறந்து வைத்து, நனைப்பதும் காயவிடுவதுமாக ஏறக்குறைய மூன்று மாதம் பழக்கினார்கள். வெயிலும் மழையும் மண்ணில் செய்வதைச் சிறிய அளவில் செய்து பார்க்கிற முறை. பிறகு அதில் எவ்வளவு டி.என்.டி. மிஞ்சியிருக்கிறது என்று அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் பிழிந்து அளந்தார்கள். எதிர்பார்த்தபடி குறைந்திருந்தது. அந்த மண்ணிலும் புழுக்களை விட்டார்கள்.

முடிவு 2005இல் வெளியானது. பழகிய மண்ணில் நச்சுத்தன்மை கூடியிருந்தது. பெரிய புழுக்கள் பிழைப்பதும் குஞ்சு பொரிப்பதும், புதிதாகக் கலந்த மண்ணில் பாதிக்கப்பட்டதைவிடக் குறைந்த டி.என்.டி. அளவிலேயே பாதிக்கப்பட்டன. கட்டுரையின் தலைப்பே இந்த முடிவைத்தான் சொல்கிறது.

இதை அவசரப்பட்டுத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. ஒரு வண்டி மண்ணில் இருக்கும் மொத்த நஞ்சு காலத்தோடு பெருகிக்கொண்டே போகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. கருவி காட்டுகிற டி.என்.டி. அளவை மட்டும் பார்த்து ஆபத்தை மதிப்பிட்டால், பழைய மண்ணின் ஆபத்தைக் குறைத்து மதிப்பிடுவோம் என்பதே பொருள். கருவி தேடியது டி.என்.டி.யை. புழு சந்தித்தது டி.என்.டி.யையும் அதன் பிள்ளைகளையும் சேர்த்து. மாண்ட்ரியாலில் ஐசீனியா ஆண்ட்ரே என்ற மண்புழுவை வைத்து இந்தப் பிள்ளைகளைத் தனித்தனியே சோதித்தார்கள். இரண்டு அமினோ சேர்மங்களில் ஒன்று டி.என்.டி.யைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும், மற்றொன்று குறைவாகவும் புழுக்களைக் கொன்றது. இரண்டு நைட்ரோ தொகுதிகள் மாறிய அடுத்த நிலைச் சேர்மங்களோ கொல்லவில்லை. அதாவது சிதைவின் பாதையில் நடுவழியில் ஒரு மோசமான கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் மண் எவ்வளவு காலம் நிற்கும் என்பது அந்த மண்ணைப் பொறுத்தது. மக்கு நிறைந்த மண் சீக்கிரம் கடந்துவிடும். மணலும் உப்பும் நிறைந்த ஏழை மண் நெடுநாள் அங்கேயே நிற்கலாம்.

அப்படியானால் வெடிமருந்து எல்லாமே பழசானால் மோசமாகுமா? அதுவும் இல்லை. ஆர்.டி.எக்ஸ்., எச்.எம்.எக்ஸ். என்ற வெடிமருந்துகள் இரண்டும் இந்த வெண்புழுவை மிக அதிக அளவில்கூடப் பெரிதாகத் தொடவில்லை. அதே ஆர்.டி.எக்ஸ். மண்புழுவைக் கொல்லாமல் அதன் இனப்பெருக்கத்தை மட்டும் குறைத்தது. இவற்றின் உறவுக்காரப் பொருளான சி.எல்.-20 ஒரு கிலோ மண்ணில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தபோதே வெண்புழுவின் குஞ்சுகளைப் பாதியாகக் குறைத்தது. தாவரங்களில் செய்த சோதனைகளிலும் சேர்மத்துக்குச் சேர்மம், பயிருக்குப் பயிர் விடை மாறியது. ஒரு பொதுவிதி கேட்டு வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு இதுதான் இந்த ஆய்வுகளின் பெரிய கொடை என்று படுகிறது. காலம் நஞ்சைக் குறைக்கும் என்று யாரும் பொத்தாம்பொதுவாகச் சொல்ல இனி முடியாது. எந்தப் பொருள், எந்த மண், எந்த உயிர் என்ற மூன்றையும் சொல்லியாக வேண்டும்.

மண்ணில் தங்காத பொருள்களும் உண்டு. ஆர்.டி.எக்ஸ். மண்ணில் உறுதியாக ஒட்டாது, நிலத்தடி நீருக்குப் போய்விடும். மாசசூசெட்ஸில் கேப் காட் ராணுவப் பயிற்சித் தளத்துக்குக் கீழே அந்த வட்டாரத்தின் குடிநீர் ஆதாரம் இருந்தது. 1997இல் சுற்றுச்சூழல் முகமை அங்கே பீரங்கிப் பயிற்சியையே நிறுத்தியது. நம் சிவகாசியில் பட்டாசுக்குப் பயன்படும் பெர்குளோரேட்டும் இப்படித்தான். 2013இல் வெளியான ஓர் ஆய்வில் சிவகாசி வட்டாரக் கிணற்றுநீரில் அதிகபட்சமாக லிட்டருக்கு 7,690 மைக்ரோகிராம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வழிகாட்டு அளவு 70. இத்தகைய பொருளுக்கு மண் பழகினால் நல்லது என்ற ஆறுதலே கிடையாது. மண் சுத்தமாகும் அதே வேகத்தில் கிணறு கெடும்.

தமிழ் மண்ணில் வெடிமருந்து அதிகம் விழுந்த இடம் எது என்று கேட்டால், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம்தான் பார்க்கவேண்டும். முகமாலை, கிளிநொச்சி, முல்லைத்தீவு. ஹேலோ டிரஸ்ட் போன்ற அமைப்புகளும் இலங்கை ராணுவமும் அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணிவெடி அகற்றுகின்றன. குடும்பத்தைச் சுமக்கும் எத்தனையோ தமிழ்ப் பெண்கள் வெயிலில் மண்டியிட்டு, ரேக் கொண்டு மண்ணை அங்குலம் அங்குலமாக வாருகிறார்கள். அங்கே எடுக்கப்படும் வகைகளில் ஒன்றான டைப் 72 கண்ணியில் ஐம்பது கிராம் அளவுக்கு டி.என்.டி. இருக்கும். அதன் பிளாஸ்டிக் உடலிலிருந்து நுணுக்கமான அளவில் கசிவு வந்துகொண்டேயிருக்கும். மோப்ப நாய் கண்ணியைக் கண்டுபிடிப்பதற்கு இந்தக் கசிவே உதவுகிறது. அதிலும் டி.என்.டி.யோடு கலப்படமாக இருக்கும் டைநைட்ரோடொலுவீன்தான் அதிகம் ஆவியாகி நாயின் மூக்குக்கு எட்டுகிறது. நிலத்தைத் திரும்ப ஒப்படைப்பதற்கு அளவுகோல், ஆளைக் கொல்லும் வெடிபொருள் மண்ணில் இல்லை என்பது. அதற்குத்தான் முதலிடம் தரவேண்டும், அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஒரு கண்ணியின் கசிவால் ஒரு வயல் பாழாகிவிடும் என்று பயமுறுத்தவும் நான் வரவில்லை. ஆனால் அகற்றிய குண்டுகளைக் குவித்து வெடிக்கவைத்த குழிகள், எறிகணை அரைகுறையாக வெடித்த பனந்தோப்புகள், பழைய ஆயுதக் கிடங்குகள் ஆகியவை வேறு வகை. அங்கே நெல்லும் வெங்காயமும் நடுகிற மக்களுக்கு அந்த மண்ணின் நிலை தெரியவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களும் நம் மாணவர்களும் சேர்ந்து செய்யக்கூடிய ஆய்வு இது.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். மேரிலாண்டு எண்களை அப்படியே மீஞ்சூருக்கு ஒட்டவைக்க முடியாது என்பதற்குக் காரணங்கள் உண்டு. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது உப்பு. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுப் புலங்களிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் போனது உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரியும். ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்ட உதவியோடு 1966 முதல் 1969 வரை பெரிய ஆய்வு நடந்தது. இறைத்த வேகத்துக்கு மழைநீர் ஈடுகொடுக்கவில்லை. கடல்நீர் நிலத்துக்கடியில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. இது குடிநீர்ப் பிரச்சினை என்றே பேசி வந்திருக்கிறோம். இதில் ஒரு மண் வேதியியலும் இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் ஹாடர்லைன், ஸ்வார்சன்பாக் முதலியோர் 1990களில் காட்டியது என்னவென்றால், டி.என்.டி. போன்ற நைட்ரோ சேர்மங்களைக் களிமண் இறுகப் பிடிக்குமா என்பது அந்தக் களியின் மேல் எந்த உப்பின் அயனி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பொட்டாசியமோ அம்மோனியமோ இருந்தால் பிடி இறுகும். சோடியமோ கால்சியமோ இருந்தால் பிடி ஏறக்குறைய இல்லாமலே போகும். கடல்நீர் ஏறிய களியில் சோடியம் மிகுதி. அப்படியானால் மண் நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பு, மீஞ்சூரை அடுத்த உவர்நிலங்களில் எவ்வளவு பலிக்கும்? ஆய்வகத்தில் நேரடியாகச் சோதித்துப் பார்க்கவேண்டிய கேள்வி இது. இந்த அரங்கில் இருக்கும் வேதியியல் மாணவர் ஒருவர் தன் முதுகலைத் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது பருவம். எட்ஜ்வுட்டில் செயற்கையாக நனைத்துக் காயவைத்தார்கள். நமக்கு ஐப்பசி கார்த்திகையில் வயலும் தாழ்நிலமும் வாரக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடக்கும், சித்திரை வைகாசியில் வெடித்துப் பிளக்கும். தண்ணீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் போய்விடும். இரும்பு ஒடுக்க நிலைக்கு மாறும். அந்த இரும்பே நைட்ரோ தொகுதிகளை அமினோவாக மாற்றவல்லது. ஆகவே நம் நெல்வயலில் டி.என்.டி.யின் பயணம் வேகமாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். வேகமாக இருந்தால் மோசமான நடுக்கட்டத்தையும் சீக்கிரம் கடக்குமா, அல்லது ஒவ்வொரு கோடையிலும் பாதியில் நின்றுபோகுமா? புழுவை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாவது அந்தப் புழு. உலகச் சோதனைகளில் ஐசீனியாதான் நிலையான மண்புழு. அது சாணக்குவியலில் வாழ்கிற புழு, நம் வயலில் வாழ்வதில்லை. நம் மண்ணில் பரவலாக இருப்பது லாம்பிட்டோ மொரிட்டி. சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய டாக்டர் சுல்தான் அகமது இஸ்மாயில் இந்த உள்ளூர்ப் புழுக்களை வைத்துத்தான் பல ஆண்டுகள் உழைத்தார், விவசாயிகளிடம் கொண்டுபோனார். மண்ணைக் குடைந்து அதையே தின்று வாழ்கிற புழுவுக்கும், மேலே கிடக்கும் சாணத்தில் வாழ்கிற புழுவுக்கும் நஞ்சு எட்டுகிற வழி ஒன்றாக இருக்கமுடியாது. மண்துகளின் நுண்துளைக்குள் ஒளிந்திருக்கிறது என்று நாம் ஆறுதல் கொள்கிற நஞ்சு, அந்தத் துகளையே விழுங்குகிற லாம்பிட்டோவின் குடலில் வெளிவரக்கூடும். நம் புழுவை வைத்துச் சோதிக்காமல் நம் மண்ணுக்குச் சான்றிதழ் கொடுப்பது முறையில்லை.

இதே தர்க்கம் நம்மைச் சுற்றியிருக்கும் மற்றக் கழிவுகளுக்கும் பொருந்தும். செப்பாக்கத்தை ஒட்டிய அனல்மின் நிலையச் சாம்பல் குளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்த எண்ணெய், இவையெல்லாம் இப்போது மண்ணிலும் சேற்றிலும் பழகிக்கொண்டிருக்கின்றன. எண்ணெயின் சில பகுதிகள் அலெக்சாண்டர் சொன்ன வழியில் அடங்கக்கூடும். சாம்பலின் உலோகங்கள் சிதைவதே இல்லை. அவை மண்ணின் அமிலத்தன்மையும் உப்பும் மாறும்போது ஒடுங்கும், மீண்டும் கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் தனிக்கணக்கு.

சட்டத்தில் இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது. மத்திய அரசு 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களை மேலாண்மை செய்வதற்கான விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை உள்ளாட்சியோ மாவட்ட நிர்வாகமோ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்கவேண்டும். வாரியம் ஆராயவேண்டும். மாசுபடுத்தியவர் செலவை ஏற்கவேண்டும். நீண்ட காலம் காத்திருந்த விதிகள், வரவேற்கிறேன். ஆனால் எந்த இடத்தை மாசடைந்தது என்று சொல்வது, எப்போது சுத்தமாகிவிட்டது என்று சொல்வது என்ற இரண்டு தீர்ப்பும் வேதிப்பொருள்களின் பட்டியலையும் வரம்பளவையும் மட்டுமே நம்பி நடந்தால், நான் இதுவரை சொன்ன சிக்கல் அப்படியே திரும்ப வரும். பட்டியலில் டி.என்.டி. இருந்தாலும் அதன் பிள்ளைகள் இல்லாமல் போகலாம். அளவு குறைந்திருக்கும், புழுவுக்குக் குஞ்சு இருக்காது.

புழுச் சோதனை விலையுயர்ந்த காரியமில்லை. கண்ணாடிக் குடுவை, தராசு, ஈரம் காக்கும் அறை, பயிற்சி பெற்ற கண்கள் போதும். பெரிய கருவிகளை வாங்கமுடியாத கல்லூரியும் இதைச் செய்யலாம். மண்புழுவின் உயிர்ச்சோதனை பதினான்கு நாள். இனப்பெருக்கச் சோதனை எட்டு வாரம், அதாவது ஒரு செமஸ்டரில் பாதி.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று தரப்புக்கு. இங்குள்ள கல்லூரி ஆசிரியர்கள், லாம்பிட்டோவை வைத்து ஒரு நிலையான சோதனை முறையை உருவாக்குங்கள். பொன்னேரி வட்டத்து வயல் மண்ணிலும் உவர் மண்ணிலும் முதலில் சுத்த மண்ணின் கணக்கை எடுத்து வையுங்கள். ஒப்பிட அது இல்லாமல் எந்தக் குற்றச்சாட்டும் நிற்காது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், பழைய ஆலை நிலத்தைப் பற்றி வரும் ஒவ்வொரு அறிக்கையிலும் வேதி அளவோடு மண்ணுயிர்ச் சோதனையின் முடிவையும் கேட்டு வாங்கவேண்டும். ஊராட்சி உறுப்பினர்கள், உங்கள் எல்லைக்குள் மூடிக்கிடக்கும் ஆலை, கிடங்கு, ஸ்கிராப் யார்டு எவை, அங்கே என்ன தயாரித்தார்கள், என்ன சேமித்தார்கள், எந்த ஆண்டு மூடினார்கள் என்று பழைய தொழிலாளர்களிடம் கேட்டு எழுதி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். அந்தத் தொழிலாளர்களில் பலருக்கு இப்போது எழுபது வயது தாண்டிவிட்டது. இந்த வருஷமே கேளுங்கள்.